‘வழுக்கி விழுந்தான்’ என்று எழுதிவிட்டார்கள், இனி என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஊர் நாங்குநேரிப் பக்கம். பக்கத்து ஊரில் ஒரு கொலை நடந்த மறுநாள் ராத்திரி இரண்டரை மணிக்கு நாலைந்து வேனில் போலீஸ் வந்தது. கதவைத் தட்டவில்லை, உடைத்தார்கள். சாதியைச் சொல்லித் திட்டியபடியே தெருவில் 11 பேரைப் பிடித்து ஏற்றினார்கள். 23 வயதான என் தம்பியும் 64 வயதான அப்பாவும் அதில் உண்டு. தம்பி வாழைத்தார் லோடு ஏற்றுகிறவன். அப்பாவை விடிந்ததும் விட்டுவிட்டார்கள். தம்பி மூன்றாம் நாள் சாயங்காலம்தான் வந்தான், இடது கையில் மாவுக்கட்டோடு. ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தது’ என்று இருக்கிறது. வெள்ளைப் பேப்பரில் இரண்டு கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். மூன்று செல்போனை இன்னும் தரவில்லை. அவன் வீடு திரும்பி 9 நாள் ஆகிறது. “கேஸ்னு போனா கொலை வழக்குல சேத்துருவாவ, விட்டுருங்க” என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற மாமா, “வடக்க இதைவிட எவ்வளவோ பாத்தாச்சு, ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல” என்கிறார். வருகிற திங்கள்கிழமை தம்பியும் அப்பாவும் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்று ஏட்டு போனில் சொன்னார். நாங்கள் பட்டியல் சாதியினர். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சட்டத்துக்கு முன்னால் தம்பியின் உடம்பைக் கவனியுங்கள். தொடையிலும் புட்டத்திலும் பலமாக அடிபட்டவர்களுக்குத் தசை நசுங்கி, அதிலிருந்து கசியும் பொருள் சிறுநீரகத்தை அடைக்கும். அடிபட்ட முதல் சில நாட்களில் சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போனதா, அளவு குறைந்ததா, இப்போது காலிலோ முகத்திலோ வீக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை இன்றைக்கே செய்தாக வேண்டும். இது வெளியில் தெரியாத காயம். கைக்கட்டைப் பார்த்துக்கொண்டே இதை விட்டுவிடுகிறார்கள்.

அதற்காகத் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே இன்னொரு வேலையையும் முடித்துவிடலாம். அவசரப் பிரிவில் பணி மருத்துவர் எழுதும் விபத்துப் பதிவேடுதான் இந்த வழக்கின் முதல் தாள். ‘யாரால், எதால், எங்கே, எப்போது’ என்று அவர் கேட்பார். தம்பி தன் வாயால், ஒரே மூச்சில், தேதியோடு சொல்ல வேண்டும்: இன்ன நாள் இரவு முதல் இன்ன நாள் மாலை வரை இன்ன காவல் நிலையத்தில் வைத்து, இத்தனை போலீஸார் லத்தியால் அடித்தார்கள். ‘தெரியாத நபர்கள்’ என்று எழுத விடாதீர்கள், ‘போலீஸார்’ என்றே பதிவாகட்டும். மருத்துவர் தயங்கினால் வாக்குவாதம் வேண்டாம். நிலைய மருத்துவ அலுவலருக்கு அங்கேயே ஒரு மனு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் எழுதிய ‘வழுக்கி விழுந்தது’ என்ற வரி அழியாது. அதை மறைக்க வேண்டியதும் இல்லை. அந்த மருத்துவர் கேட்டபோது பக்கத்தில் யார் நின்றார்கள், சீருடையிலா சாதா உடையிலா, பதில் சொன்னது தம்பியா கூட வந்தவரா, வண்டியில் வரும்போது என்ன சொல்லி மிரட்டினார்கள் என்பதைப் புகாரில் விவரமாக எழுதுங்கள். அந்த வரி எப்படி அங்கே வந்தது என்பது தெரிந்தால் அதன் பலம் பாதியாகிவிடும்.

மீதிப் பாதிக்கு எலும்பு சாட்சி சொல்லும். தம்பியின் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். முன்கையில் இரண்டு எலும்புகள்: ஒன்று கட்டைவிரல் பக்கம், ஒன்று சுண்டுவிரல் பக்கம். வழுக்கி விழுகிறவர் உள்ளங்கையைத் தரையில் ஊன்றுவார். பாரம் மணிக்கட்டில் இறங்கும், அதனால் பெரும்பாலும் மணிக்கட்டை ஒட்டி, கட்டைவிரல் பக்கத்து எலும்புதான் முறியும். தலைக்கு வரும் அடியைத் தடுக்கக் கையைத் தூக்குகிறவருக்கோ சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் நடுப்பகுதி லத்தியின் நேர் வழியில் நிற்கும், அது மட்டும் தனியாக முறியும். தடுப்புக் காயம் என்று தடயவியல் மருத்துவம் இதைச் சொல்லும். தம்பியின் முறிவு இரண்டாவது வகையாக இருந்தால், அதை எலும்பு மருத்துவரிடம் காட்டி, ‘விழுந்ததால் இந்த இடத்தில் இப்படி முறிவது வழக்கமா’ என்ற கேள்விக்கு எழுத்தில் கருத்து வாங்க வேண்டும். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். ஒப்புதல் வாக்குமூலமோ தகவலோ வாங்குவதற்காகக் கொடுங்காயம் செய்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 120(2)-ன்படி 10 ஆண்டு வரை சிறை.

தோலையும் இன்றே படம் எடுங்கள். உருண்டையான தடியால் அடித்தால் கன்றிப்போன இரண்டு கோடுகள் இணையாக விழும், நடுவே தோல் வெளுத்திருக்கும். தண்டவாளம் போன்ற அந்தத் தடம் விழுந்ததால் வராது. கன்றல் சிவப்பில் தொடங்கி நீலம், பழுப்பு, பச்சை என்று மாறி, ஒரு வாரத்துக்குப் பின் மஞ்சளாகி, இரண்டு வாரத்தில் மறைந்துவிடும். உங்களுக்கு மிச்சம் இருப்பது மஞ்சள் கட்டம்தான், அதுவும் சில நாளைக்கு. பகல் வெளிச்சத்தில் முகம் தெரிய ஒரு படம், காயம்பட்ட உறுப்பு முழுதாக ஒன்று, அருகில் ஸ்கேல் வைத்து ஒன்று. உள்ளங்காலை மறக்காதீர்கள். எடுத்த போனிலேயே மூலப் படம் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி, எடுத்த நேர விவரமும் போய்விடும். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ன் கீழ் சான்றிதழ் தர வேண்டும், மூலக் கருவி கையில் இருந்தால் அது எளிது. அன்றிரவு தெருவில் யாராவது வீடியோ எடுத்திருந்தாலும் இதே விதிதான்.

அடுத்து கேமரா. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் இரவிலும் தெரியும், ஒலியும் பதியும் கேமராக்கள் வைக்கச் சொன்னது. வாசல், லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை, பின்பக்கம் என்று இடங்களையும் பட்டியலிட்டது. கழிப்பறைக்கு உள்ளே கூடாது, வெளியே வைக்க வேண்டும் என்றது. உங்களுக்கு வேண்டியது அந்தக் கேமராதான். பாத்ரூமில் விழுந்து கை முறிந்தவர் அந்த வாசல் வழியாகத்தானே வெளியே வந்திருக்க வேண்டும்? எத்தனை மணிக்குப் போனார், யார் தூக்கி வந்தார்கள் என்பது அதில் இருந்தாக வேண்டும். பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் அந்த உத்தரவுக்குச் சில மாதம் முன்னால், 2020 ஜூனில், சாத்தான்குளத்தில் போலீஸ் அடித்து ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இறந்த வழக்கில் விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டது என்ன? வன்தட்டில் இடம் இருந்தும், பதிவு அன்றன்றைக்கே தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதனால் ‘பாதுகாத்து வையுங்கள்’ என்ற மனு இன்றே போக வேண்டும். எந்தத் தேதி எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தெந்த இடத்துக் கேமரா என்று குறிப்பிட்டு மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்புங்கள். காவல் நிலையக் கேமராக்களை மேற்பார்வையிடும் மாவட்டக் குழுவில் கலெக்டரும் உறுப்பினர் என்பது பலருக்குத் தெரியாது. கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் அதே மனுவைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஊர் விலக்கில் உள்ள கடை, பெட்ரோல் பங்க் கேமராக்கள் ஒன்றிரண்டு வாரத்தில் அழிந்துவிடும், அவற்றை இன்றே போய்ப் பாருங்கள்.

ஒருவேளை தம்பியை ஸ்டேஷனுக்கே கொண்டுபோகவில்லை என்றால்? தனிப்படைகள் தோப்புக்கோ பூட்டிய கட்டடத்துக்கோ கொண்டுபோவது உண்டு. 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் கோயில் காவலாளி அஜித்குமார் அடிபட்டது ஸ்டேஷனுக்கு வெளியே. ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்த வீடியோதான் அதை வெளியே கொண்டுவந்தது. அப்படியானால் வேன் நம்பர், போன வழி, வழியில் கேட்ட சத்தம், தரை சிமெண்டா மண்ணா, ஜன்னல் எந்தப் பக்கம் என்று தம்பிக்கு நினைவிருப்பதை எல்லாம் ஒரு நோட்டில் எழுத வையுங்கள். படமும் வரையச் சொல்லுங்கள்.

இனி தாள்கள். ஒருவரைக் கைது செய்தால் கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ ஊர்க்காரரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். டி.கே.பாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னவை இன்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கின்றன. இனி வெறும் எண்ணாக நான் சொல்லும் பிரிவுகள் அந்தச் சட்டத்தினுடையவை. இவற்றிலிருந்து தப்பத்தான் ‘கைது செய்யவில்லை, விசாரணைக்குக் கூப்பிட்டோம், வந்தார், போனார்’ என்பார்கள். அந்தப் பதிலை வைத்தே அவர்களைப் பிடிக்கலாம். விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தால் 35(3) நோட்டீஸோ 179-ன் கீழ் எழுத்து உத்தரவோ இருக்க வேண்டும். வீட்டைச் சோதனை போட்டிருந்தால் 185-ன்படி காரணம் எழுதி, வீடியோ பதிவு செய்து, 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அந்த நகலை வீட்டுக்காரர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும். செல்போன்களை எடுத்திருந்தால் சாட்சிகள் முன் எழுதும் பறிமுதல் பட்டியலான மகஜரிலும், பறிமுதல் பொருளை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம் 95-லும் இருக்க வேண்டும். போன் பெட்டியிலுள்ள ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்துவையுங்கள்.

இவை ஒவ்வொன்றையும் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். ‘என்ன நடந்தது’ என்று கேட்டால் புலனாய்வைக் காரணம் காட்டி மறுப்பார்கள். ‘இன்ன தேதியில் இன்னாருக்கு 179-ன் கீழ் உத்தரவு கொடுக்கப்பட்டதா, ஆம் என்றால் நகல்’ என்று ஒற்றை ஒற்றையாகக் கேளுங்கள். ‘அப்படி ஆவணம் ஏதும் இல்லை’ என்று அவர்கள் முத்திரை போட்டு அனுப்பும் தாள், மூன்று நாள் அடைத்துவைத்ததற்கு எந்தச் சட்ட ஆதாரமும் இல்லை என்பதற்கு அவர்களே தரும் சான்று. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

புகாரை ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போகாமல், நேர வரிசையில் எழுதுங்கள். பல புகார்கள் கெட்டுப்போவது ஒரே இடத்தில்: கோபத்தில் 20 பேர் பெயரை எழுதி ‘எல்லாரும் அடித்தார்கள்’ என்று முடிப்பது. அவர்களில் ஒருவர் அன்றைக்கு விடுப்பில் இருந்ததாகக் காட்டினால் முழுப் புகாரும் ஆடிப்போகும். பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் உயரம், மீசை, தழும்பு, மற்றவர்கள் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது போதும். நீங்கள் கண்ணால் பார்த்தது, தம்பி சொல்லிக் கேட்டது இரண்டையும் பிரித்து எழுதுங்கள். 11 வீட்டாரும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒரே வாசகத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினால் யாரோ சொல்லிக்கொடுத்தது என்பார்கள். பெண்களைத் தள்ளியதோ சேலையை இழுத்ததோ நடந்திருந்தால் அது தனிக் குற்றம், வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். சாதியைச் சொன்ன வசவை நாகரிகம் கருதிச் சுருக்காமல் சொன்ன சொல்லாகவே எழுதுங்கள். அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்கிறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். தெருவில், அக்கம்பக்கத்தார் பார்க்க நடந்ததால் எந்த வீட்டு வாசலில், யார் நின்றார்கள் என்பதைச் சேருங்கள். அடித்தவர்கள் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவர்களாக இருந்தால் அந்தச் சட்டம் பொருந்தும். டி.எஸ்.பி. நிலையில் உள்ளவர் விசாரிக்க வேண்டும், அதன் 15ஏ பிரிவில் சாட்சிகளுக்குப் பாதுகாப்பு கேட்கலாம், நிவாரணத் தொகையும் உண்டு. சாதிச் சான்றிதழ் நகலை இணைத்துவிடுங்கள்.

புகாரை அதே ஸ்டேஷனுக்குக் கையில் கொண்டுபோக வேண்டாம். நிலைய அதிகாரிக்கு ஸ்பீட் போஸ்டில் ஒன்று, எஸ்.பி.க்கு 173(4)-ன் கீழ் ஒன்று. வழக்குப் பதியாவிட்டால் அஞ்சல் ரசீதுகளோடும் உறுதிமொழிப் பத்திரத்தோடும் மாஜிஸ்திரேட்டிடம் 175-ன் கீழ் மனு. புதிய சட்டத்தில் இங்கே ஒரு தடங்கல் உண்டு: அரசு ஊழியர் பணியின்போது செய்ததாக வரும் புகாரில், மேலதிகாரியின் அறிக்கையையும் அவர் தரப்பு விளக்கத்தையும் மாஜிஸ்திரேட் பார்க்க வேண்டும். பின்னால் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளும் கட்டத்தில் அரசின் முன் அனுமதி என்ற கேள்வியும் வரும். அனுமதி கேட்டு 120 நாளில் அரசு முடிவெடுக்காவிட்டால் கொடுத்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது 218. லாக்கப்பில் கையை முறிப்பது பணியாகாது என்பதுதான் உங்கள் வாதமாக இருக்க வேண்டும். அதைத் தொடக்கப் புகாரிலேயே ஒரு வரியில் எழுதிவையுங்கள்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம். தேசிய ஆணையத்துக்கும் சேர்த்து அனுப்பாதீர்கள். ஒன்றில் நிலுவையில் இருந்தால் மற்றது எடுக்காது, இரண்டுக்கும் நடுவே மாதங்கள் போய்விடும். வேறு அதிகாரிக்கு எழுதிய மனுவின் நகலை அனுப்பினாலும் ஒதுக்கிவிடுவார்கள். ஆணையத்தின் பெயருக்கே தனி மனு வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-ல் தீர்ப்பளித்திருக்கிறது, அதனால் இதை வெறும் மனுவாக நினைக்க வேண்டாம். வக்கீலுக்குப் பணமில்லை என்று நிற்கவும் வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி 15100.

உங்கள் மாமா சொன்னது பொய்யல்ல. ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் நடப்பில் உள்ள இடங்களில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் படையினர் மேல் வழக்கு நடத்த முடியாது. 2021 டிசம்பரில் நாகாலாந்தின் ஓட்டிங்கில் வேலை முடிந்து திரும்பிய சுரங்கத் தொழிலாளர்களை ராணுவம் சுட்டுக்கொன்றது. 30 ராணுவத்தினர் மேல் அந்த மாநிலப் போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டும், மத்திய அரசு அனுமதி தரவில்லை. ஆனால் அங்கும் மனிதர்கள் விட்டுவிடவில்லை. மணிப்பூரில் படையினரும் போலீஸாரும் போலி மோதலில் கொன்றதாகச் சொன்ன 1,528 சாவுகளின் பட்டியலோடு குடும்பங்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். கலவரப் பகுதியிலும் யாருக்கும் முழு விலக்கு கிடையாது என்று 2016 ஜூலையில் தீர்ப்பு வந்தது. திருநெல்வேலியில் அந்தச் சட்டமே இல்லை. இங்கே வந்த போலீஸ் சாதாரணச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது, எத்தனை வேனில் வந்தாலும்.

தமிழ்நாட்டு உதாரணமே வேண்டுமா? 1992-ல் சந்தனக் கடத்தலைத் தேடுகிறோம் என்று தருமபுரி மாவட்டத்துப் பழங்குடி ஊரான வாச்சாத்திக்குள் போய், ஊரைச் சூறையாடி, பெண்களை வன்புணர்ந்ததாக வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறையினர் 269 பேர் மேல் வழக்கு நடந்தது. 2011-ல் தீர்ப்பு வந்தபோது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றானது, 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 19 ஆண்டு, 31 ஆண்டு என்று கணக்குப் போட்டால் நெஞ்சு வலிக்கத்தான் செய்யும். அந்த ஊர்ப் பெண்கள் அத்தனை ஆண்டும் சொன்னதையே மாறாமல் சொன்னார்கள். நம் பக்கத்துக் கொடியன்குளத்தையும் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று உள்ளே போன போலீஸ் வீட்டுச் சாமான்களை நொறுக்கியதில் பாஸ்போர்ட்டும் படிப்புச் சான்றிதழும்கூடத் தப்பவில்லை. உங்கள் தெருவில் உடைந்த கதவுகளைச் சரிசெய்யும் முன் படம் எடுத்து, வீட்டுவாரியாகச் சேதப் பட்டியல் போட்டு, கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்க்கும்படி மனுக் கொடுங்கள். உடைந்த தாழ்ப்பாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

திங்கள்கிழமைக்கு வருகிறேன். அப்பா போக வேண்டியதில்லை. 60 வயதுக்கு மேற்பட்ட ஆணையும் எந்தப் பெண்ணையும் சாட்சியாக விசாரிக்க வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்கிறது 179. தம்பி பேசாமல் இருந்துவிட்டால் ‘தலைமறைவு’ என்று எழுதுவார்கள். அதனால் இன்றே நிலைய அதிகாரிக்கு ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் ஒரு கடிதம்: விசாரணைக்கு ஒத்துழைக்கத் தயார், எந்த வழக்கு எண்ணில் என்று குறிப்பிட்டு எழுத்தில் நோட்டீஸ் தாருங்கள், கை முறிந்து சிகிச்சையில் இருக்கிறேன், வக்கீலோடு வருகிறேன். வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கியதையும் அதில் இன்ன தேதி, இத்தனை தாள் என்று எழுதி, அதில் பின்னால் எழுதப்படும் எதுவும் தன்னுடையது அல்ல என்று சொல்லிவிடட்டும். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் பொதுவாகச் சான்றாகாது, ஆனால் ‘நானே வழுக்கி விழுந்தேன்’ என்ற கடிதமாக அது மாறக்கூடும். நகல் எஸ்.பி.க்கு. கொலை வழக்கில் சேர்ப்பார்கள் என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது. வக்கீலிடம் பேசி 482-ன் கீழ் முன்ஜாமீன் மனுவைத் தயாராக வைத்திருங்கள். மீண்டும் தூக்கிக்கொண்டு போனால் 112-க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள், நேரத்தைக் குறியுங்கள், வக்கீல் அன்றே உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுப் போடட்டும். ரிமாண்டுக்கு நிறுத்தினால் மாஜிஸ்திரேட் கேட்காவிட்டாலும் தம்பி சட்டையைத் தூக்கிக் காட்டி, ‘அடித்தார்கள்’ என்று சொல்ல வேண்டும்.

‘பேசி முடிச்சிக்கிடலாம்’ என்று யாராவது வீட்டுக்கு வந்தால் மரியாதையாக உட்காரவைத்துக் கேளுங்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வந்தவர், வந்த நேரம், சொன்ன சொல் மூன்றையும் அன்றைக்கே தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள்.

மாவுக்கட்டை ஆறு வாரம் கழித்துப் பிரிப்பார்கள். அதற்கு முன் மூன்றாவது வார வாக்கில் ஒன்று, பிரிக்கும்போது ஒன்று என எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். முறிந்த இடத்தில் புது எலும்பு கூடிவரும் அளவைப் பார்த்து, முறிவு ஏறக்குறைய எப்போது நடந்தது என்று மருத்துவர் கணிக்க முடியும். முதல் படத்தையும் சேர்த்து மூன்றையும், பெயரும் தேதியும் படத்திலேயே பதிந்திருக்கிறதா என்று பார்த்து, மடக்காமல், வெயில் படாத இடத்தில் வையுங்கள். கேட்கிறவர்களுக்கு நகலை மட்டும் கொடுங்கள்.